ஜாடிக்குள்ளே ஒரு ரியாக்டர்

நவம்பர் பிறந்தால் போதும், ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பரண் மேலிருக்கும் பீங்கான் ஜாடியை இறக்கிவிடுவார். ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் திராட்சை ஒயினும் அவர்கள் வீட்டில் பாட்டி காலத்து வழக்கம். திராட்சை மட்டும் எங்கள் வீட்டு வழியாக வரும். கம்பம் பக்கத்தில் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் பந்தல். இரண்டு பெட்டி பன்னீர் திராட்சையை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒரு புட்டி வெடித்து, என் தம்பிக்கு உள்ளங்கையில் நாலு தையல். "கெமிக்கல் டிப்ளமோ படிக்கிறியேப்பா, ஏன் வெடிச்சுது சொல்லு?" என்று ஆன்ட்டி கேட்டார். முழித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதும் விடைத்தாள்.

முதலில் பந்தல்

ஒயினின் பாதி கணக்கு ஜாடிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையின் சாதிப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் இந்தப் பக்கம் கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளிர் நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். கம்பத்தில் அந்தத் தூக்கமே கிடையாது. கவாத்துக் கத்திதான் அதற்குப் பனிக்காலம். வெட்டினால் மொட்டு விடும், சுமார் நான்கு மாதத்தில் பழம். அதனால்தான் வருஷம் பூரா மார்க்கெட்டில் பார்க்கிறோம்.

தாத்தா போனபின் மாமாவின் பந்தல் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. கல்தூண் மட்டும் நிமிர்ந்து நின்றது. கம்பி துருப்பிடித்து, பழைய கொடிகள் தடித்து, இடையிடையே செத்த குழிகள். வேரைத் தோண்டினால் மணி மணியாக முடிச்சு, நூற்புழு வேலை. பிடுங்கி எறிந்துவிட்டு வாழை போடச் சொன்னவர்களே அதிகம். அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிப் புதிதாக நடவும் யோசனை வந்தது. 1860களில் பிலாக்சரா பூச்சி பிரான்சின் தோட்டங்களைத் தின்றபோது அவர்களைக் கரை சேர்த்ததும் ஒட்டுதான். ஆனால் மாமாவிடம் அவ்வளவு பணம் இல்லை.

வருஷத்துக்கு ஒரு வரிசை என்று ஆரம்பித்தார். பழைய கையை அறுத்து, அடியிலிருந்து வரும் புதுக் கிளையைச் சணல் கட்டிப் பந்தலுக்கு ஏற்றினார். செத்த குழியில் பக்கத்துக் கொடியையே மண்ணுக்குள் வளைத்துப் பதியம் போட்டார். வேப்பம்பிண்ணாக்கு வண்டி வண்டியாகப் போனது. இதற்கெல்லாம் மேலே அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம்: ஒரு வரிசையில் மட்டும் காய்க்குலையில் பாதியை வெட்டிக் கீழே போட்டார். அத்தைக்குக் கோபம். ஆனால் சர்க்கரை தயாரிப்பது இலை. அதே இலைக்குக் குலை குறைந்தால் பழத்துக்குப் பங்கு கூடும். ரிஃப்ராக்டோமீட்டரில் மற்ற வரிசைப் பழம் 14 பிரிக்ஸ் காட்டியது, இந்த வரிசை 17. வியாபாரி எடைக்கும் நிறத்துக்கும்தான் காசு கொடுக்கிறான், சர்க்கரைக்கு இல்லை. அதனால் அந்த ஒரு வரிசையோடு சரி. ராயபுரத்துக்கு வருவது அந்தப் பழம்.

ஜாடியில் நடப்பது

ஆன்ட்டியின் கணக்கு: பழம் 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, ஆறிய தண்ணீர் ஒன்றரை லிட்டர், ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. தினமும் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. வாயில் துணி, 21 நாள்.

ஈஸ்ட் சாப்பிட்டு முடித்தால் 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். அந்த 88 கிராம் நம்ம ஊர் வெயிலில் ஏறக்குறைய 50 லிட்டர் வாயு! லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீத ஆல்கஹால். ஆன்ட்டி ஜாடியில் மொத்தம் 2.8 லிட்டர், பழத்துச் சர்க்கரையும் சேர்த்தால் லிட்டருக்கு 390 கிராமுக்கு மேல். முழுதும் மாறினால் 23 சதவீதம் வரவேண்டும். வராது. 14 சதவீதம் பக்கம் போனதும் பெரும்பாலான ஈஸ்ட் தன் சரக்கிலேயே மயங்கி விழுந்துவிடும். மீதி சர்க்கரை அப்படியே நிற்கும். ராயபுரம் ஒயின் சிரப் மாதிரி இனிக்கிற ரகசியம் இதுதான்.

புட்டி ஏன் வெடித்தது?

21 நாள் என்பது காலண்டர் கணக்கு. ஈஸ்ட்டுக்குக் காலண்டர் தெரியாது. சர்க்கரை அதிகமானால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். நாங்கள் 21ஆம் நாள் வடிகட்டி மூடியை இறுக்கிவிட்டோம். உள்ளே வேலை நடந்துகொண்டே இருந்தது. ஷாம்பெயின் புட்டியில் வேண்டுமென்றே லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை புளிக்க விடுவார்கள். அதற்கே ஆறு வளிமண்டல அழுத்தம், அதுவும் குளிர்ந்த நிலவறையில். அவர்கள் புட்டி அதற்கென்றே கனமாக வார்த்தது. எங்களுடையது பழைய ஸ்குவாஷ் புட்டி, சென்னைச் சூடு.

போன டிசம்பரில் ஹைட்ரோமீட்டர் வைத்தேன். 21ஆம் நாள் 1.052. 25ஆம் நாள் 1.047. அதாவது இன்னும் இறங்குகிறது, மூடாதே! 31ஆம் நாள் 1.041, 34ஆம் நாளும் 1.041. எண் எத்தனை என்பது முக்கியமில்லை, இனிப்பு ஒயினில் அது 1.000க்கு வரவே வராது. நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி.

வகுப்பில் ஒருவன், "கள்ளக்குறிச்சி மாதிரி ஆயிடாதா?" என்றான். 2024 ஜூனில் அங்கே 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பான். உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். பழத்தோல் பெக்டினிலிருந்து ஜாடியிலும் துளி மெத்தனால் வரும், ஆனால் அது மிகக் குறைவு. காய்ச்சி வடிக்காததால் அது ஓரிடத்தில் சேருவதுமில்லை. அதற்காக யாரும் ஜாடி தேடி ஓடவேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம். பாட்டி வழக்கம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. ஆன்ட்டியிடமும் சொன்னேன். "எனக்குத் தெரியும்ப்பா" என்று சிரித்தார்.

ஜாடி போன தடவை நவம்பர் கடைசியில்தான் ஏறியது. கிறிஸ்துமஸ் மேசையில் கேக்கும் திராட்சை ஜூசும்தான். புட்டி புத்தாண்டுக்குத் திறந்தது. தம்பி மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டான்.