ஸ்டீயரிங் எண்ணெய் ஏன் சூடேறுகிறது?

பங்குனி மாதத்தில் தஞ்சை, திருவாரூர்ப் பகுதிக் கிராமச் சாலைகளில் உளுந்துச் செடிகளைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரங்களே காய்களை உடைத்துக் கொடுத்துவிடும். ஆனால் காருக்கு இது சோதனைக் காலம். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல். எதிரே வைக்கோல் லாரி வந்துவிட்டால் காரை முன்னும் பின்னுமாக நகர்த்தி, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். நாலைந்து முறை ஒடித்த பிறகு முன்பக்கத்தில் ஒரு முனகல் ஒலி கேட்கும். எண்ணெய் காந்தும் வாடை வரும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கும். என்ஜின்தான் சூடாகிவிட்டது என்று சிலர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போவார்கள். அது ஆபத்து, கொதிநீர் முகத்தில் பீறிடும். இங்கே சூடானது ஸ்டீயரிங்கிற்கு உதவும் எண்ணெய்.

பழைய அம்பாசிடர் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த உதவி கிடையாது. நின்ற வண்டியில் சக்கரத்தைத் திருப்ப ஓட்டுநரின் தோள் வலுதான் வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங்கை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற்றது 1951-இல், கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில்.

இதன் அடிப்படை நீங்கள் படித்த பாஸ்கல் விதியே. என்ஜினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோகிராம் எடை என்றும், பிஸ்டனின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பிஸ்டனைத் தள்ளும் விசை 800 கிலோகிராம் எடை! அதனால்தான் ஒற்றைக் கையால் சக்கரம் திரும்புகிறது.

இனி, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்திருந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் நகர இடமில்லை. பம்போ ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் ஏறிக் குழாய் வெடித்துவிடாமல் காக்க ஒரு வால்வு உண்டு. அது திறந்து, எண்ணெயைப் பம்புக்கே திருப்பி அனுப்புகிறது. நகர்வு இல்லையென்றால் பயனுள்ள வேலையும் இல்லை. என்ஜின் தருகிற ஆற்றல் அத்தனையும் வெப்பமாகத்தானே மாற வேண்டும்? எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

அழுத்தம் ஏறத்தாழ 80,00,000 பாஸ்கல். நிமிடத்திற்கு 6 லிட்டர் எண்ணெய் பாய்ந்தால், விநாடிக்கு 0.0001 கன மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 800 வாட். சிறிய இஸ்திரிப்பெட்டி ஒன்றை எண்ணெய்க்குள் வைத்தது போலத்தான்! அமைப்பிலுள்ள எண்ணெய் 1 லிட்டர் என்றால் நிறை சுமார் 0.85 கிலோகிராம், தன்வெப்பம் கிலோகிராமுக்குச் சுமார் 2000 ஜூல். எனவே 1 டிகிரி உயர 1700 ஜூல் போதும். ஒரே நிமிடத்தில் வெப்பநிலை 28 டிகிரி உயர்ந்துவிடும். எண்ணெய் முழுவதும் சுற்றாமல் பம்புக்குள்ளேயே சுழன்றால் அங்கே சூடு இன்னும் விரைவாக ஏறும்.

இந்த வெப்பம் வெளியேறக் காற்று வேண்டும். பல வண்டிகளில் எண்ணெய் திரும்பும் குழாயை வளைத்து ரேடியேட்டருக்கு முன்னால் வைத்திருப்பார்கள். உளுந்துச் சருகும் நெற்பதரும் போய் அடைவது அந்த இடத்தில்தான். வண்டியும் ஊர்ந்து செல்வதால் எதிர்க்காற்று இல்லை. வெப்பம் மிகுதியாகப் பிறக்கும் நேரமே குளிர்ச்சி குறைந்த நேரமாகவும் அமைந்துவிடுகிறது.

எண்ணெய் சூடானால் அதன் பாகுநிலை குறையும். விளக்கெண்ணெயைக் கொண்டு இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு சோதனைக் குழாய்களில் எண்ணெய் எடுத்து, ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெந்நீரிலும் சற்று நேரம் நிறுத்துங்கள். ஒரே அளவுள்ள சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை இரண்டிலும் போட்டு, அடியைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். வேறுபாடு உங்களை வியக்க வைக்கும்.

நீர்த்துப்போன எண்ணெய் சிறு இடைவெளியிலும் நுழையும். நாள்தோறும் சூடுபட்ட ரப்பர் சீலோ விறைத்து, மீள்தன்மை இழந்திருக்கும். அங்கே கசிவு தொடங்குகிறது. எண்ணெய் குறையக் குறைய, எஞ்சியது இன்னும் வேகமாகச் சூடாகும். கணக்கில் நிறையைப் பாதியாக்கினால் உங்களுக்கே புரியும். மட்டம் மிகத் தாழ்ந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எண்ணெய் நுரைக்கும். நுரை அழுத்தினால் சுருங்குமே தவிர விசையைச் சரியாகக் கடத்தாது. அந்த முனகல் ஒலி இதன் அறிகுறிதான். இந்த நிலையில் ஆற்றங்கரைச் சாலையின் வளைவில் ஸ்டீயரிங் திடீரெனக் கனத்துப்போனால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். காரில் சக்கரத்தோடு நேரடி இணைப்பு இருப்பதால் வலுவாக இழுத்தால் திரும்பும். ஆனால் அதை எதிர்பாராத ஓட்டுநருக்கு அந்த ஒரு விநாடி போதாது.

ஒலி கேட்டால் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, ஆறவிட வேண்டும். புகைபோக்கிக் குழாயின் மீது எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கக்கூடும். என்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆறிய பின் கலத்தில் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கலாம். பிரேக் ஆயில் கையில் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். அது வேறு வகைத் திரவம், அதற்கேற்ற ரப்பரும் வேறு. எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும் வைத்தியமாகாது, சீலையோ குழாயையோ மாற்றத்தான் வேண்டும்.

எல்லாச் சொட்டும் கசிவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால் சுமார் 50 மில்லிலிட்டர் விரியும். குளிர்ந்த நிலையில் கலத்தை விளிம்பு வரை நிரப்பியிருந்தால் அந்த 50 மில்லிலிட்டர் வழியத்தானே செய்யும்? குளிர்நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் கோடுகளைக் கலத்தில் போட்டிருப்பது இதற்காகவே.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுகிறது. அங்கே எண்ணெயும் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் ஒடித்துப் பிடித்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறும். டிராக்டர்களில் எண்ணெய் அழுத்தமே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. எதுவானாலும் கடைசி வரை ஒடித்த ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை திரும்ப விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். வால்வு மூடிக்கொள்ளும், முனகலும் அப்போதே அடங்குவதைக் கேட்கலாம்.