பாரிஸ்டர் பட்டமும் சட்டத் தொழிலின் மற்ற வாசல்களும்

பத்து காஜாவில் வாழும் நமக்குக் கோர்ட்டு புதியதல்ல. பிரிட்டிஷார் காலத்தில் கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடமாக விளங்கிய ஊர் இது. ஆயினும் கோர்ட்டுப் படியேறும் நம்மவரில் வழக்குக்காக ஏறுகிறவர் பலர்; வாதாட ஏறுகிறவர் சிலரே.

சென்ற மாதம் தந்தை ஒருவர் நம்மிடம் வந்தார். மகன் எஸ்.பி.எம். பரீட்சையில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறான். "பையனைப் பாரிஸ்டராக்க வேண்டுமென்று ஆசை. குடியிருக்கும் வீட்டை விற்றாவது சீமைக்கு அனுப்பி விடலாமா?" என்று கேட்டார். இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் இருக்கக் கூடுமாதலால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில், பாரிஸ்டர் என்பவர் யார்? இங்கிலாந்தில் வக்கீல் தொழில் இரு கிளைகளாக உள்ளது. கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்கள் தயாரிப்பவர் சொலிசிட்டர். நீதிமன்றத்தில் வாதாடுவதையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர் பாரிஸ்டர். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று லண்டனில் நான்கு பழைய சபைகள் இருக்கின்றன. பாரிஸ்டர் ஆக விரும்புகிறவர் இவற்றில் ஒன்றில் சேர வேண்டும். சட்டப் படிப்பும் தொழிற் பயிற்சிப் படிப்பும் முடிக்க வேண்டும். சபையின் விருந்துகளிலும் கூட்டங்களிலும் கலந்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே பட்டம் கிடைக்கும்.

நம் நாட்டில் அந்தப் பிரிவினை இல்லை. தீபகற்ப மலேசியாவில் வாதாடுகிறவரும் பத்திரம் எழுதுகிறவரும் ஒருவரே. ஆகவே சீமையிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பினாலும், உள்ளூரில் படித்துத் தேறினாலும், முடிவில் செய்யும் தொழில் ஒன்றுதான்.

அப்படியானால் பாரிஸ்டர் என்ற பெயருக்கு ஏன் இத்தனை மதிப்பு? அக்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஈப்போவில் புகழ் பெற்ற சீனிவாசகம் சகோதரர்கள் கடல் கடந்துதான் சட்டம் பயின்றார்கள். 1903-ல் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், இடையில் தடைப்பட்ட படிப்பைத் தொடர்ந்து, 1949-ல்தான் பாரிஸ்டரானார். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் சட்டப் படிப்பைத் தொடங்கியது 1972-ல். இன்று அங்கும், தேசியப் பல்கலைக் கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக் கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் ஆகியவற்றிலும் சட்டம் படிக்கலாம். செலவு சீமைச் செலவில் சிறு பங்கே.

வேறொரு வழியும் உண்டு. உத்தியோகம் பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக் கழகத்தின் வெளிநிலைச் சட்டப் பட்டத்துக்கு இங்கிருந்தே படிக்கலாம். பட்டம் பெற்ற பின், 1984 முதல் நடைபெற்று வரும் சி.எல்.பி. பரீட்சையில் தேற வேண்டும். இதில் ஐந்து பாடங்கள். எளிதன்று, ஊக்கமுள்ளவர் தேறுகிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: வெளிநாட்டுச் சட்டப் பட்டம் எல்லாமே இங்கே செல்லாது. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று சட்டத் தொழில் தகுதி வாரியத்திடம் நேரில் விசாரிக்க வேண்டும். தரகர் சொல்லை நம்பிக் கட்டக் கூடாது.

எந்த வழியில் வந்தாலும், 1976-ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டப்படி, ஏழாண்டு அனுபவமுள்ள வக்கீலிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். மலாய் மொழித் தேர்ச்சியும் வேண்டும். மலாய் மொழியில் பின்தங்கிய பிள்ளைக்கு எந்தப் பட்டமும் துணை செய்யாது. இதைப் பள்ளிப் பருவத்திலேயே பெற்றோர் கவனிக்க வேண்டும்.

வக்கீல் அலுவலகம் ஒன்றுதான் வழி என்பதும் தவறு. இதற்கு நம்மூரே சாட்சி. சுல்தான் அஸ்லான் ஷா 1928-ல் பத்து காஜாவில் பிறந்தவர். இங்குள்ள அரசாங்க ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். நாட்டிங்ஹாமில் சட்டம் பயின்று 1954-ல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். திரும்பி வந்தவர் அரசாங்கப் பணியில் சேர்ந்து மாஜிஸ்திரேட்டாகவும், அரசாங்கத் தரப்பு வழக்குரைஞராகவும் படிப்படியாக உயர்ந்தார். 1965-ல் ஹைகோர்ட்டு நீதிபதி. 1982-ல் நாட்டின் நீதித் துறைக்கே தலைவர். 1984-ல் பேராக் சுல்தான். அரச குடும்பத்தவர் என்பது உண்மை. ஆனால் பரீட்சைத் தாளை அவருக்காக வேறொருவர் எழுதவில்லை.

பெண் மக்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. சித்தி நோர்மா யாக்கோப் அம்மையார் 1983-ல் நாட்டின் முதல் பெண் ஹைகோர்ட்டு நீதிபதியானார். 2005-ல் மலாயாவின் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார்.

நம் சமூகத்துக்கு மிகத் தேவையான துறை இன்னொன்று: ஷரீஅத் கோர்ட்டு. நிக்காஹ், தலாக், ஜீவனாம்சம், பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவை அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன. சிவில் கோர்ட்டு வக்கீல் அந்தத் தகுதியைக் கொண்டே அங்கு வாதாட முடியாது. மாநிலந்தோறும் தனி அனுமதி பெற வேண்டும். மலாய் சரளமாகப் பேச வராத நம் தாய்மார் ஒருவர் தம் குறையைத் தமிழில் சொல்லி அழுதால், அதைப் புரிந்துகொண்டு கோர்ட்டில் எடுத்துரைக்கும் வக்கீல் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பட்டம் பெற முடியாதவரும் மனந்தளர வேண்டியதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சாட்சியத்தைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழும் மலாயும் நன்கு அறிந்தவருக்கு அது கௌரவமான உத்தியோகம். வக்கீல் அலுவலகத்தில் கிராணியாகச் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டே மேற்படிப்புக்கு முயல்வதும் நல்ல வழியே.

வசதியுள்ளவர், உபகாரச் சம்பளம் பெறுகிறவர் சீமைக்குச் செல்லட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பெயருக்காகக் குடும்பத்தின் கூரையை விற்க வேண்டியதில்லை.

அந்தத் தந்தை வீட்டை விற்கவில்லை. பையன் ஆறாம் படிவத்தில் சேர்ந்திருக்கிறான். பள்ளி இல்லாத நாளொன்றில் கோர்ட்டுக்குச் சென்று, பொதுமக்கள் அமரும் பெஞ்சில் உட்கார்ந்து விசாரணையைக் கேட்டு வரும்படி அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. மற்ற வாலிபர்களும் போய்க் கேட்கலாம்.