அலை தின்ற ஊர்

பாடம் நுழையுமுன்

கோட்டையும் கோயிலும் பகைவரால் அழிந்த கதைகள் பல உண்டு. பகைவர் எவரும் வாராமலேயே, கடலால் சிறிது சிறிதாக அழிந்த ஓர் ஊரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

இங்கிலாந்து நாட்டின் கிழக்குக் கரையில், சஃபக் மாவட்டத்தில், வடகடலை ஒட்டி டனிச் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் 200 பேருக்கும் குறைவு. சில வீடுகள், ஓர் ஆலயம், ஓர் உணவு விடுதி, ஒரு சிறிய அருங்காட்சியகம், கூழாங்கற்கள் பரந்த கடற்கரை ஆகியவையே இன்றைய ஊர். ஆயினும் இச்சிற்றூர் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது.

முதலாம் வில்லியம் என்னும் மன்னர் தம் நாட்டின் நிலங்களையும் வரிகளையும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட அக்கணக்கேடு 'டூம்ஸ்டே நூல்' எனப்படுகிறது. டனிச்சில் மூன்று ஆலயங்கள் இருந்ததாகவும், ஊரார் ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் மீன்களை வரியாகச் செலுத்தியதாகவும் அது குறிப்பிடுகிறது. ஊரைச் சேர்ந்த விளைநிலத்தில் ஒரு பாதியைக் கடல் கொண்டு சென்றது என்ற செய்தியும் அதே ஏட்டில் உள்ளது. வளமும் அழிவும் ஒரே ஏட்டில் அருகருகே பதிவாயின.

அதன்பின் ஊர் மேலும் வளர்ந்தது. கம்பளியும் தானியமும் கப்பலேறின. பிரான்சு நாட்டுத் திராட்சை மது வந்திறங்கியது. ஆலயங்களும் துறவியர் மடங்களும் பெருகின. ஆனால் ஊர் நின்ற நிலம் உறுதியற்றது. அங்குள்ள கரைமேடு பாறையால் ஆனதன்று. மணலும் சரளையும் கலந்த மென்மையான மண்ணால் ஆனது. புயற்காலத்தில் கடல் பொங்கி, மேட்டின் அடியை அரிக்கும். அடி அரிக்கப்பட்டதும் மேற்பகுதி தானே சரிந்து விழும்.

1286ஆம் ஆண்டில் வீசிய கடும்புயல் ஊரின் ஒரு பகுதியை அழித்தது. பிரான்சிஸ்கன் துறவியரின் மடமும் அதற்குத் தப்பவில்லை. துறவியர் உட்பகுதியில் வேறு மடம் கட்டிக் குடியேறினர். 1328ஆம் ஆண்டுப் புயலோ அதனினும் கொடிய விளைவைத் தந்தது. அலைகள் ஒதுக்கிய மணலும் கூழாங்கல்லும் துறைமுகத்தின் வாயிலை அடைத்துவிட்டன. ஆறு தன் போக்கை மாற்றி, வடக்கே வேறோர் இடத்தில் கடலில் கலந்தது. கப்பல்கள் வேற்றூர்களை நாடின. வீடிழந்தவர் மீண்டும் வீடு கட்டலாம். வாணிகம் இழந்த ஊரார் எதைக் கொண்டு கட்டுவர்? மக்கள் ஒவ்வொருவராக வெளியேறினர்.

மக்கள் குறைந்த பின்னும் டனிச்சின் பழைய உரிமை ஒன்று மட்டும் குறையவில்லை. அவ்வூர் 1832ஆம் ஆண்டு வரை இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வந்தது! அவ்வாண்டில் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டமே அவ்வழக்கத்தை முடித்து வைத்தது.

பழைய ஆலயங்களுள் இறுதியாக எஞ்சியது அனைத்துப் புனிதர் ஆலயம். கரைமேட்டின் விளிம்பில் நின்ற அதன் இடிபாட்டைப் புகழ்பெற்ற ஓவியர் டர்னர் ஓவியமாகத் தீட்டினார். 1904ஆம் ஆண்டில் அவ்வாலயம் கடலில் சரியத் தொடங்கியது. 1919ஆம் ஆண்டில் அதன் கோபுரமும் வீழ்ந்தது. அதன் தாங்குசுவர் ஒன்று மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்றைய ஆலய வளாகத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. அலையடியில் ஆலயமணிகள் ஒலிப்பதாக ஒரு கதையும் வழங்குகிறது.

அழிந்த ஊர் எப்படி இருந்தது என்பதை இன்று அறிய முடிகிறதா? முடிகிறது. ஊரின் ஒரு பெரும்பகுதி மறைந்த பிறகு, 1587ஆம் ஆண்டில் ரால்ஃப் அகாஸ் என்பவர், எஞ்சியிருந்த தெருக்களையும் ஆலயங்களையும் அளந்து வரைபடமாக்கினார். 1754ஆம் ஆண்டில் தாமஸ் கார்ட்னர் என்பவர் ஊரின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். நம் காலத்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடலடியை ஆராய்ந்தனர். கலங்கிய அந்நீரில் கண்ணால் காண்பது அரிது. எனவே ஒலியலைக் கருவிகளைப் பயன்படுத்தினர். அகாஸின் வரைபடத்தைத் துணையாகக் கொண்டு, ஆலயங்களின் இடிபாடுகளை இனங்கண்டனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பொறுமையுடன் வரைந்த தாள், அவ்வூருக்கு வழிகாட்டியது.

இன்று டனிச் செல்வோர் துறவியர் மடத்தின் இடிந்த மதில்களைக் காணலாம். அருங்காட்சியகத்தில் பழைய நகரின் மாதிரி வடிவத்தைப் பார்க்கலாம். ஊருக்குத் தெற்கே ஊதா மலர்ச் செடிகள் நிறைந்த புதர்நிலமும், அதற்கப்பால் மின்ஸ்மியர் பறவைகள் காப்பகமும் உள்ளன. இரண்டாம் உலகப்போரில் எதிரிப்படை இறங்காதிருக்க, மின்ஸ்மியர் நிலத்தில் நீர் பாய்ச்சப்பட்டது. அச்சதுப்பு நிலமே பின்னர்ப் பறவைகளின் புகலிடமாயிற்று.

கடல் டனிச்சின் மண்ணைக் கொண்டது. ஆனால் எழுதி வைத்தவற்றை அதனால் கொள்ள இயலவில்லை.

அருஞ்சொற்பொருள்

கணக்கேடு – கணக்குகள் எழுதிய புத்தகம்
சரளை – சிறு கற்கள் கலந்த மண்
வாணிகம் – வணிகம், வியாபாரம்
தாங்குசுவர் – பெருஞ்சுவர் சாயாமல் தாங்கும் துணைச்சுவர்
புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. டூம்ஸ்டே நூல் டனிச்சைப் பற்றிக் கூறும் செய்திகள் யாவை?
2. டனிச்சின் கரைமேடு எளிதில் சரிவதற்குக் காரணம் என்ன?
3. ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவிகளைப் பயன்படுத்தியது ஏன்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1286ஆம் ஆண்டுப் புயலைவிட 1328ஆம் ஆண்டுப் புயல் கொடிய விளைவைத் தந்தது எனக் கூறுவது ஏன்?

இ. பிரித்து எழுதுக.
சிற்றூர், கடலடி, பெரும்பகுதி

ஈ. செய்து பார்க்க.
வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றிக் கேட்டறிக. இன்று அங்கே இல்லாத ஒரு கட்டடம், குளம் அல்லது மரத்தைப் பற்றிப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதுக. அவர்கள் நினைவிலுள்ளவாறு அவ்வூரின் தெருக்களை வரைபடமாக வரைந்து, பெயர்களைக் குறிக்க.