கிராண்ட் கேன்யன்: எந்த விளிம்பு, யாருக்குக் கோவேறு கழுதை?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கியதுமே கிராண்ட் கேன்யன் பேச்சு வந்துவிடும். லாஸ் வேகாஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார் என்று திட்டமும் தயார். எந்த கிராண்ட் கேன்யன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கொலராடோ ஆறு அரிசோனாவில் 446 கிலோமீட்டர் நீளத்துக்கு அறுத்துப் போட்டிருக்கும் பள்ளம் அது. சில இடங்களில் அகலம் மட்டுமே 29 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். பயணிகள் போகும் இடங்கள் தெற்கு, வடக்கு, மேற்கு என மூன்று விளிம்புகள். தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு எதிரிலேயே தெரியும். பறவைக்கு அது சுமார் 16 கிலோமீட்டர், காருக்கோ சுமார் 345 கிலோமீட்டர், குறைந்தது நாலரை மணி நேரம். அதனால் 'ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துடலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

லாஸ் வேகாஸுக்குக் கிட்டே இருப்பது மேற்கு விளிம்பு. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அது தேசியப் பூங்காவில் சேராது. ஹுவலபாய் பழங்குடியினரின் நிலம், அவர்களே நடத்தும் இடம். பூங்காவின் பாஸ் அங்கே செல்லாது, தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். 2007-ல் திறந்த ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது: பாறை முனையிலிருந்து 21 மீட்டர் வெளியே நீளும், குதிரை லாட வடிவக் கண்ணாடிப் பாலம். அதன்மேல் கேமராவோ கைப்பேசியோ கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதைப் பலரும் வாசலில் போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஹெலிகாப்டரில் பள்ளத்தின் அடிவரை இறங்கும் வசதியும் இங்கு உண்டு. கையில் ஒரே நாள்தான், நீண்ட கார் பயணம் பெரியவர்களுக்கு ஆகாது என்றால் மேற்கு சரி. ஆனால் படங்களில் பார்த்து மனதில் பதிந்திருக்கும் அந்த அடுக்கடுக்கான பரப்பு இங்கே கிடைக்காது. பள்ளம் இங்கே குறுகல்.

வடக்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டருக்கு மேல் உள்ள காட்டுப் பகுதி. பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், வழக்கமாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் வசதிகள் இயங்கும். பூங்காவுக்கு வருபவர்களில் பத்தில் ஒருவர்கூட அங்கே போவதில்லை. அந்த அமைதிக்காகவே போகிறவர்களும் உண்டு. ஆனால் 2025 ஜூலையில் பரவிய காட்டுத்தீயில் அங்கிருந்த புகழ்பெற்ற தங்கும் விடுதியும் வேறு பல கட்டடங்களும் எரிந்துபோயின. அங்கே எது திறந்திருக்கிறது, எங்கே தங்கலாம் என்பதைப் பூங்காவின் அறிவிப்பில் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இப்போதைக்கு வடக்கைச் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது தெற்கு. லாஸ் வேகாஸிலிருந்து நாலரை மணி நேரம், ஃபீனிக்ஸிலிருந்து மூன்றரை, ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து ஒன்றரை. வில்லியம்ஸ் ஊரிலிருந்து 1901-ல் தொடங்கிய ரயில் பாதையும் இருக்கிறது. இரண்டேகால் மணி நேரத்தில் விளிம்புக்கே கொண்டுவந்து விடும். தெற்கு விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இலவச ஷட்டில் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். விளிம்பையொட்டிப் போகும் பாதையில் கிராண்ட் கேன்யன் வில்லேஜைச் சுற்றியுள்ள பெரும் பகுதி தார் போட்டது, சக்கர நாற்காலியும் போகும். மேற்கே ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் கார்களுக்கு அனுமதி கிடையாது, பேருந்து மட்டும்தான். இது தொல்லை என்று நினைக்க வேண்டாம். பார்வையிடங்களில் இறங்கி, பார்த்து, அடுத்த பேருந்தில் ஏறலாம். பார்க்கிங் தேடும் வேலை இல்லை. கிழக்கே டெசர்ட் வியூவில் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-ல் எழுந்த கல் கோபுரம் இருக்கிறது. ஆறு கண்ணுக்குத் தெரியும் சில இடங்களில் அதுவும் ஒன்று. தெற்கில் பல பார்வையிடங்களிலிருந்து ஆறே தெரியாது, இதை முன்பே சொல்லி வையுங்கள்.

செலவில் ஒரு புதிய கணக்கு சேர்ந்திருக்கிறது. வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும் என்பதோடு இப்போது முடிவதில்லை. 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் என்று பதினொரு பூங்காக்களில் விதித்திருக்கிறார்கள். கிராண்ட் கேன்யன் அதில் உண்டு. வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவோடு சயான், பிரைஸ் கேன்யன் என்று சுற்றப் போகிறவர்கள் எது மலிவு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இனி சவாரி. 'நடக்க முடியாதவங்க கோவேறு கழுதையில போகலாமாமே' என்று பலர் கேட்பார்கள். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. பழநி விஞ்ச் போல ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு இல்லை இது. முழங்கால் வலி, இடுப்பு வலி, உயரத்தைக் கண்டால் தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இதைவிட விளிம்பில் நடப்பதே சுகம்.

தெற்கில் இரண்டு விதம் உண்டு. முதலாவது விளிம்புச் சவாரி. மொத்தம் மூன்று மணி நேரம், அதில் இரண்டு மணி நேரம் சேணத்தின் மேல். இது பள்ளத்துக்குள் இறங்காது. பைன், ஜூனிபர் மரங்களுக்கிடையே போய், இடையிடையே நின்று பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும். இறங்கும் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் ஏமாந்து போவார்கள். பயந்தவர்களுக்கு இதுவே தோது.

இரண்டாவது, அடிவாரத்தில் ஆற்றங்கரைக்கு அருகே உள்ள ஃபான்டம் ராஞ்ச் வரை போய் இரவு தங்கும் பயணம். பிரைட் ஏஞ்சல் பாதையில் சுமார் 17 கிலோமீட்டர் இறக்கம், ஐந்தரை மணி நேரம். மறுநாள் சவுத் கைபாப் பாதையில் ஏற்றம், அதுவும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மேரி கோல்ட்டர் வடிவமைத்த, 1922-ல் வந்த அந்த விடுதிக்குச் சாலை கிடையாது. நடந்து போக வேண்டும், அல்லது கோவேறு கழுதை, அல்லது ஆற்றில் படகு. இடம் பிடிக்க ஓராண்டுக்கும் மேல் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும்.

நிபந்தனைகள் கறார். விளிம்புச் சவாரிக்கு அதிகபட்சம் 102 கிலோ, இறங்கும் பயணத்துக்கு 90 கிலோ சொச்சம். உடை, காலணி எல்லாம் சேர்த்து. கிளம்புமுன் எடைக் கருவியில் ஏற்றியே பார்ப்பார்கள். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடமில்லை. முழுக்கை, முழுக்கால் உடை, மூடிய காலணி, தொப்பி கட்டாயம். முதுகுப் பை கூடாது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: வழிநடத்துபவர் ஆங்கிலத்தில் சொல்வது சட்டெனப் புரிய வேண்டும். பேத்தி கூட வந்து சொல்லிக் கொடுப்பாள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குறுகலான பாதையில் 'கடிவாளத்தை இழு' என்ற சொல் அந்த நொடியே காதில் ஏற வேண்டியது உயிர்ப் பிரச்சினை.

விலங்கைப் பற்றி அஞ்ச வேண்டாம். கழுதைத் தகப்பனுக்கும் குதிரைத் தாய்க்கும் பிறந்தது. அகலம் குறைந்த சரிவில் குதிரையைவிட நிதானமாகக் கால் வைக்கும். ஆனால் அது பாதையின் வெளி ஓரத்தையே பிடித்துக்கொண்டு நடக்கும். உங்கள் ஒரு கால் வெறும் வெளியின் மேல் தொங்குவது போல இருக்கும். நிற்கும்போதும் அதன் முகத்தைப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்துவார்கள். விளிம்பு கண்ணில் பட்டால் அது பின்வாங்கிச் சரிந்துவிடாது என்பதற்காக. இதைப் படிக்கும்போதே வயிறு கலங்கினால் முடிவு தெரிந்துவிட்டது.

கால் நன்றாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை நடைதான், அதுவும் கொஞ்சம். சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ முனை வரை போய்வர மூன்று கிலோமீட்டர் அளவே; அங்கேயே பள்ளம் இரு பக்கமும் விரியும். அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது, தூக்கிக்கொண்டு போக வேண்டும். இறங்க ஆகும் நேரத்தைப்போல் இரு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் விளிம்பில் காற்று இதமாக இருக்கும்போதே அடியில் 40 டிகிரியைத் தாண்டும். ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் பள்ளத்துக்குள்ளிருந்து மீட்கப்படுகிறார்கள். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்பும் ஆசை வேண்டாம். எதிரே கோவேறு கழுதை வரிசை வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி, சத்தமில்லாமல் நின்று, வழிநடத்துபவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஹவாசுபாய் மக்களின் சூபாய் ஊரும் அதன் நீல அருவிகளும் வேறு பயணம். அவர்களின் அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. ஊருக்கே 13 கிலோமீட்டர் நடை. அங்கே சுமை விலங்குகள் நடத்தப்படும் விதம் பற்றி நெடுநாளாகப் புகார்கள் உண்டு. பையைத் தூக்க முடிந்தால் நீங்களே தூக்குங்கள்.

முதல் முறை, குடும்பத்தோடு என்றால் தெற்கு விளிம்பில் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு மாலை ஹோப்பி முனைப் பார்வையிடம், ஒரு காலை விளிம்பு நடை, விருப்பமும் எடையும் ஒத்துவந்தால் விளிம்புச் சவாரி. பூங்காவுக்குள் உள்ள அறைகள் 13 மாதங்களுக்கு முன்பே முன்பதிவுக்கு வந்துவிடும். கிடைக்காவிட்டால் வாசலை ஒட்டிய டூசாயன், அதுவும் இல்லையென்றால் வில்லியம்ஸ். அறை, சவாரி, அதற்குப் பிறகு விமான டிக்கெட் என்ற வரிசையில் வாங்குங்கள். சவாரிக்கு அரிசோனா நேரம்தான் கணக்கு. குளிர்காலத்தில் அது லாஸ் வேகாஸைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கோடையில் மான்யுமென்ட் வேலி பக்கமுள்ள நவஹோ பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் பின்னே. முதல் நாள் இரவே கைப்பேசிக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.