பட்டனை அழுத்தும்போது என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் முதலில் கற்றுக் கொள்வது கிளிக் செய்வதைத்தான். பட்டனை அழுத்தினோம், வேலை நடந்தது, அவ்வளவுதான் என்று அதைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பதில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களிலும் பலர் யோசிப்பதில்லை. நானும் அப்படி இருந்து ஒருமுறை நன்றாக மாட்டிக் கொண்டேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

நோட்பேட் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். எதுவும் டைப் செய்ய வேண்டாம். விண்டோவின் வலது மேல் மூலையில் மூடுவதற்கான பெருக்கல் குறி இருக்கும். அதன் மேல் மவுஸ் பாயிண்டரைக் கொண்டு சென்று இடது பட்டனை அழுத்துங்கள். ஆனால் விரலை எடுக்காதீர்கள். விண்டோ மூடவில்லை அல்லவா? அழுத்திய நிலையிலேயே பாயிண்டரை விண்டோவின் நடுப்பகுதிக்கு இழுத்து வந்து, அங்கே விரலை எடுங்கள். இப்போதும் விண்டோ அப்படியே இருக்கும். மீண்டும் பெருக்கல் குறியின் மேல் அழுத்தி, அங்கேயே விரலை எடுங்கள். இப்போதுதான் விண்டோ மூடும்.

அதாவது நாம் ஒரே செயலாக நினைக்கும் கிளிக்கில் இரண்டு செயல்கள் உள்ளன. அழுத்துவது ஒன்று, விடுவது இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டனின் மேல் நடந்தால்தான் அது கிளிக். இது தெரிந்திருந்தால் ஒரு லாபம் உண்டு. 'டெலீட்' பட்டனைத் தவறுதலாக அழுத்திவிட்டீர்கள், அழுத்திய கணத்திலேயே தவறு புரிகிறது என்று வைத்துக் கொள்வோம். விரலை எடுக்காமல் பாயிண்டரை வெளியே இழுத்துச் சென்று விட்டுவிட்டால் போதும். பைல் தப்பித்துவிடும். இணையப் பக்கங்களில் உள்ள பட்டன்களும் பொதுவாக இப்படித்தான் நடந்து கொள்கின்றன.

அழுத்துவது, விடுவது, கிளிக், கீயைத் தட்டுவது என இப்படி நடக்கும் ஒவ்வொன்றையும் புரோகிராமர்கள் ஈவென்ட் என்று அழைக்கிறார்கள். ஈவென்ட் நடந்ததும் ஓட வேண்டிய புரோகிராம் பகுதிக்கு ஈவென்ட் ஹேண்ட்லர் என்று பெயர். வீட்டு வாசலில் உள்ள காலிங் பெல்லை நினைத்துக் கொள்ளுங்கள். பெல் அடிப்பது ஈவென்ட். எழுந்து போய்க் கதவைத் திறப்பவர் ஹேண்ட்லர். வீட்டில் ஆள் இல்லை என்றாலும் பெல் அடிக்கத்தான் செய்யும், கதவுதான் திறக்காது. சில பட்டன்களை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டபுள் கிளிக் செய்தால் என்ன ஆகும்? பிரவுசரின் கணக்கில் அது ஒரு தனி ஈவென்ட் மட்டும் அல்ல. அழுத்துதல், விடுதல், கிளிக். மறுபடி அழுத்துதல், விடுதல், கிளிக். கடைசியில் டபுள் கிளிக் என்று ஏழு ஈவென்ட்கள் வரிசையாக வரும். அதாவது அதற்குள் இரண்டு முழு கிளிக்குகள் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் ஐகான்களை டபுள் கிளிக் செய்து பழகிய புதியவர்கள், இணையப் பக்கத்திலும் அதே வேகத்தில் இரண்டு தட்டு தட்டுவார்கள். அந்தப் பட்டன் 'பணம் செலுத்து' என்பதாக இருந்தால்? ஒழுங்காக எழுதிய பக்கம் என்றால் முதல் கிளிக்கிலேயே பட்டனைச் செயலிழக்கச் செய்துவிடும். அதோடு, ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்திருக்கிறதா என்று சர்வரும் பார்த்துக் கொள்ளும். எல்லாப் பக்கங்களும் ஒழுங்காக எழுதப்பட்டவை அல்ல. எனவே இணையத்தில் ஒரே ஒரு கிளிக் செய்துவிட்டு, கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். ஜிமெயிலில் வந்த கடிதங்களின் பட்டியலைப் பாருங்கள். ஒரு வரியில் எங்கே கிளிக் செய்தாலும் கடிதம் திறக்கும். ஆனால் அதே வரியில் உள்ள நட்சத்திரத்தில் கிளிக் செய்தால் நட்சத்திரம் மட்டும் நிறம் மாறும், கடிதம் திறப்பதில்லை. நட்சத்திரம் வரிக்குள்தானே இருக்கிறது? அப்படியானால் நட்சத்திரத்தின் மேல் செய்த கிளிக், வரியின் மேல் செய்த கிளிக்கும் ஆகாதா? ஆகும். பிரவுசர் முதலில் உள்ளே இருப்பதன் ஹேண்ட்லருக்குச் செய்தி சொல்லும், பிறகு அதைச் சுற்றியுள்ளதற்கு, பிறகு அதற்கும் வெளியே உள்ளதற்கு. தண்ணீருக்கு அடியிலிருந்து குமிழி மேலே வருவது போல இருப்பதால் இதற்கு பபிளிங் என்று பெயர். 1997-ல் வந்த நான்காம் பதிப்புகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இப்படி உள்ளிருந்து வெளியே சென்றது. நெட்ஸ்கேப்போ வெளியிலிருந்து உள்ளே வந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய நிலைமை. 2000-ம் ஆண்டு நவம்பரில் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட தர நிர்ணயம், முதலில் வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே என்று இரண்டையும் சேர்த்து வைத்துச் சமரசம் செய்தது. இன்றைய பிரவுசர்களில் இருப்பது அதுதான். உள்ளே இருப்பதன் ஹேண்ட்லரில் 'இந்தக் கிளிக்கை மேலே அனுப்பாதே' என்று ஒரு வரி எழுதி இதைத் தடுக்கலாம். அந்த வரியை மறந்துவிட்டால் நட்சத்திரமும் மாறும், கடிதமும் திறக்கும்.

இனி பட்டனுக்கு வருவோம். பட்டனைத் திரையில் கொண்டுவர இரண்டு வழிகள் உள்ளன. இந்த இடத்தில் கட்டம் வரை, உள்ளே எழுத்தை எழுது, மவுஸ் கட்டத்துக்குள் வந்ததா பார், அழுத்தினால் நிழலை மாற்று என்று ஒவ்வொரு படியையும் நாமே எழுதுவது ஒரு வழி. 'இங்கே ஒரு பட்டன், அதன் மேல் "அனுப்பு" என்று இருக்கட்டும், கிளிக் ஆனால் இந்த வேலை நடக்கட்டும்' என்று தேவையை மட்டும் அறிவித்துவிடுவது இரண்டாவது வழி. ஓட்டலில் உட்கார்ந்து 'இரண்டு இட்லி, ஒரு வடை' என்று சொல்கிறோமே தவிர, மாவை எப்படி அரைக்க வேண்டும் என்று சொல்வதில்லை அல்லவா? அதுபோல. இதை டிக்ளரேட்டிவ் முறை என்பார்கள். இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். இந்த முறையைச் சேர்ந்தது. படிவத்தை அனுப்பும் பட்டன் 1995-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பின் தரத்திலேயே இருந்தது. பட்டனுக்கென்று தனி டேக் 1997-ல் நான்காம் பதிப்பில் வந்தது. ஹேண்ட்லர் எழுதப் பயன்படும் ஜாவா ஸ்கிரிப்டை நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கியதும் 1995-ல்தான். மைக்ரோசாப்ட் 2006-ல் கொண்டு வந்த ஸாமல், பேஸ்புக் 2013-ல் வெளியிட்ட ரியாக்ட் ஆகியவையும் இதே வழியில் வந்தவை.

இட்லி கேட்டால் கேட்காமலேயே சட்னி, சாம்பார் வருகிறது. பட்டன் கேட்டாலும் அப்படித்தான். அதைப் பார்க்க, விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி ரன் விண்டோவைத் திறவுங்கள். பெட்டியில் ஏதாவது எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். ஓகே பட்டன் மங்கிவிடும். இப்போது டேப் கீயைத் தட்டிக் கொண்டே போனால், கர்சர் ஓகே பட்டனைத் தாண்டி கேன்சலுக்குப் போய்விடும். பெட்டியில் ஒரு எழுத்தை டைப் செய்து பாருங்கள். ஓகே உயிர் பெறும், டேப் அங்கே நிற்கும். எஸ்கேப் கீயை அழுத்தினால் விண்டோ மூடிவிடும். மவுஸைத் தொடாமலேயே எல்லாம் நடக்கிறது. பட்டன் என்பது கட்டமும் நிறமும் மட்டும் இல்லை. டேப் அழுத்தினால் தன்னிடம் நிற்க வைப்பது, என்டருக்கும் ஸ்பேஸ் பாருக்கும் வேலை செய்வது, மங்கியிருக்கும்போது ஒதுங்கிக் கொள்வது, 'நான் ஒரு பட்டன்' என்று பிற சாப்ட்வேர்களுக்குச் சொல்வது எல்லாம் சேர்ந்ததுதான் பட்டன்.

இப்போது நான் மாட்டிக் கொண்ட கதை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பயிற்சி வகுப்பில் சேர்வதற்கான இணையப் படிவத்தை எழுதினேன். டிசைனர் கொடுத்த 'பணம் செலுத்து' பட்டனின் படம் அழகாக இருந்தது. பட்டன் டேக் போட்டால் அதன் ஓரக்கோடும் சாம்பல் நிறமும் கூடவே வரும், அவற்றை நீக்க நாலு வரி எழுத வேண்டும். சோம்பேறித்தனத்தில், வெறும் கட்டத்தைக் குறிக்கும் டிவ் டேக்கைப் போட்டு, படத்தைப் பின்னணியாக வைத்து, கிளிக் ஹேண்ட்லரை மாட்டிவிட்டேன். மவுஸால் அழுத்தினேன், வேலை செய்தது. பக்கம் வெளியானது.

கடைசி நாள் மாலை ஆபீசுக்கு ஒரு போன். பேசியவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்.

"தம்பி, பேரு, ஊரு எல்லாம் நிரப்பிட்டேன். பணம் கட்டுற பட்டன் எங்கே இருக்கு?"

"கடைசியிலேயே இருக்கு சார், பச்சைக் கலர்ல."

"உங்களுக்கு இருக்கு. எனக்கு இல்லையே. பி கீயை அழுத்தினா அடுத்த பட்டனுக்குப் போகணும். பட்டனே இல்லைன்னு சொல்லுது."

பக்கத்துக் கடைப் பையனை அழைத்து மவுஸை அழுத்தச் சொல்லி, பணத்தைக் கட்டி முடித்த பிறகுதான் போன் செய்திருக்கிறார். "வேலை முடிஞ்சுது தம்பி. ஆனா ஒரு பட்டனை அழுத்த ஆள் தேட வேண்டியதாப் போச்சு, அதைச் சொல்லலாம்னுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று இரவே சரிசெய்ய உட்கார்ந்தேன். டிவ் டேக்கிலேயே டேப் நிற்கும்படி ஒரு குறிப்பைச் சேர்த்தேன். டேப் நின்றது, என்டர் வேலை செய்யவில்லை. என்டருக்கு ஒரு ஹேண்ட்லர் எழுதினேன். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பக்கம் கீழே உருண்டு ஓடியது. அதைத் தடுக்க இன்னும் ஒரு வரி. இதுவரை எழுதியும் என்.வி.டி.ஏ. அதைப் பட்டன் என்று சொல்லவில்லை. பட்டன் என்று அறிவிக்க ஒரு குறிப்பு, படத்துக்குப் பதிலாக வாசிக்க ஒரு பெயர். எல்லாம் முடிந்தபின் பார்த்தால், பெட்டிகளில் டைப் செய்து முடித்து என்டர் தட்டினால் படிவம் போகவில்லை. பல பெட்டிகள் உள்ள படிவத்தில் உண்மையான அனுப்பும் பட்டன் ஒன்று இருந்தால்தான் பிரவுசர் அந்த வேலையைச் செய்யும். இருபது வரிகளுக்கு மேல் எழுதிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழித்தேன். டிவ் என்று இருந்த இடத்தில் பட்டன் என்று மாற்றி, படத்தின் மேல் எழுத்தை வைத்தேன். நான் சோம்பல்பட்ட அந்த நாலு வரிகளைச் சேர்த்தேன். எல்லாம் ஓடியது.

நீங்கள் பயன்படுத்தும் பக்கங்களில் எது நிஜப் பட்டன் என்று கண்டுபிடிக்கலாம். குரோம் பிரவுசரில் பட்டனின் மேல் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பக்கத்தின் எச்.டி.எம்.எல். வரிகள் தனிப் பகுதியில் தெரியும். ஏதாவது ஒரு வரி நிறம் மாறி இருக்கும். அது டிவ் என்றோ ஸ்பான் என்றோ தொடங்கினால் உடனே குற்றம் சொல்லிவிடாதீர்கள். பட்டனுக்கு உள்ளே இருக்கும் எழுத்தாகவும் இருக்கலாம், எனவே ஓரிரு வரிகள் மேலேயும் பாருங்கள். படித்துப் பார்க்க மட்டும்தான் இது. அங்கே எதை மாற்றினாலும் பக்கத்தை மீண்டும் திறந்ததும் பழையபடி ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

இதைவிட எளிய சோதனை, மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் பார் மூன்றை மட்டும் வைத்து ஒரு படிவத்தை நிரப்பிப் பார்ப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நரேட்டர் என்ற வாசிக்கும் புரோகிராம் கூடவே வருகிறது. கண்ட்ரோல், விண்டோஸ் கீ, என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பேசத் தொடங்கும். டேப் தட்டத் தட்ட, ஒவ்வொன்றின் பெயரையும் அது பட்டனா, பெட்டியா என்பதையும் சொல்லும். திடீரென்று சத்தமாகப் பேசும் என்பதால் ஸ்பீக்கர் ஒலியை முன்பே குறைத்து வைத்துக் கொள்ளுங்கள். அதே மூன்று கீகளை மீண்டும் அழுத்தினால் நின்றுவிடும்.