தமிழ் வகுப்பில் மாணவர் காணொளி – தோட்டத்துச் சொற்களைத் தேடி ஒரு முயற்சி

தமிழ்மொழி கற்றல் கற்பித்தலில் தொழில்நுட்பம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருவது வெண்திரையும் அதில் ஓடும் படவில்லைகளும்தாம். ஆசிரியர் காட்டுகிறார், மாணவர் பார்க்கிறார். கரும்பலகை வெண்திரையாக மாறியதே தவிர, வகுப்பில் பேசுகிறவர் மாறவில்லை. கருவியை மாணவரிடமே கொடுத்துக் காணொளி தயாரிக்கச் சொன்னால் அவர்களுடைய தமிழுக்கு என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் கேள்வி. இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் படிவத் தமிழ் வகுப்பு. விடுமுறையில் அங்குள்ள ஆசிரியைக்குத் துணையாக நானும் சக மாணவர் இருவரும் ஐந்து வாரங்கள் சென்று வந்தோம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். மடிக்கணினியும் எல்.சி.டி. கருவியும் நம் தமிழ்ப்பள்ளிகளுக்குள் பரவலாக நுழைந்தது 2003ஆம் ஆண்டில், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் போதிக்கும் கொள்கையோடு. உடன் வந்த பாடக் குறுவட்டுகளும் ஆங்கிலமே பேசின. அக்கொள்கையைக் கைவிட அரசு 2009இல் முடிவெடுத்தது. ஆயினும் கணினி என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் போகவில்லை. இத்தனைக்கும் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை 1985ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார். கைத்தொலைபேசியில் தமிழில் எழுத உதவும் செல்லினம் 2005இல் வந்துவிட்டது. கருவி ஆயத்தமாக இருந்தது, வகுப்பறைதான் ஆயத்தமாகவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். பாடம் புலனத்தில் வந்தது. பயிற்சியை எழுதிப் படம்பிடித்து அனுப்பினோம். தமிழை எழுதினோம், ஆனால் மாதக் கணக்கில் வகுப்புக்காக ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசவில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் போன்றோருக்குத் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது என்பது நீங்கள் அறிந்ததே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் போதிக்க வழியுண்டு. வழி உண்டே தவிர, நேரம் எது என்பது வேறு கதை. என் பள்ளியில் கடைசி மணி அடித்த பிறகே தமிழ் வகுப்பு தொடங்கும். பேருந்துக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். முதலாம் படிவத்தில் பத்தொன்பது பேர் இருந்தோம், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதியவர்கள் ஏழு பேர். சுங்கை சிப்புட் வகுப்பிலும் நேரம் அதே பிற்பகல் இரண்டு மணிதான். பதினாறு மாணவர்கள், பாதிப் பேருக்குப் பசி.

மாணவர் தயாரிக்கும் காணொளி என்ற பெயரில் நான் இதற்கு முன் பார்த்தவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒரு மாணவி சுவர் முன் நின்று, கருவிக்குப் பின்னால் பிடித்திருக்கும் தாளைக் கண்ணால் மேய்ந்தவாறு, மனனம் செய்த கட்டுரையை ஒப்புவிப்பார். பின்னணி இசை குரலை விழுங்கும். எழுத்துகள் சுழன்று சுழன்று வரும். படம் அழகாக இருக்கும். மொழியைப் பொறுத்தவரை அது மேடையில்லாத பேச்சுப்போட்டி, அவ்வளவே. காணொளி எடுத்தாலே மொழி வளரும் என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை.

ஆகவே ஆசிரியை வேறொரு பணியைக் கொடுத்தார். நால்வர் கொண்ட குழு. குழுவுக்கு ஒரு கைத்தொலைபேசி. தோட்டத்தில் வேலை செய்த முதியவர் ஒருவரைத் தேடி, அவருடைய ஒரு நாள் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். அவர் பேசியதைப் பேசியபடியே எழுத்தில் பெயர்க்க வேண்டும். அதன் பிறகு எழுத்துத் தமிழில் விளக்கவுரை எழுதி, துணைவரிகள் சேர்த்து, மூன்று நிமிடப் படமாக்க வேண்டும். பேராக்கில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டன. லயத்தில் இருந்தவர்கள் மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பால்மரம் சீவிய கைகள் இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்பார்தான் இல்லை.

ஒரு குழுவின் பதிவில் ஒரு மாணவி தன் பாட்டியைக் கேட்கிறாள்: “ஏன் பாட்டி இருட்டுலயே வேலைக்குப் போனீங்க?” பாட்டியின் பதில்: “வெயில் ஏறுனா பால் ஓடாதும்மா.” நான்கே சொற்கள். இதனை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதற்கு அக்குழு ஒரு முழு வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டது. ‘ஏறுனா’ என்பது ‘ஏறினால்’ என்றானது. இலக்கணப் பாடத்தில் நிபந்தனை எச்சம் என்று படித்தது பாட்டியின் வாயிலேயே இருக்கிறதே என்று ஒரு மாணவன் வியந்தான். அடுத்து ‘ஓடாது’ என்பதை ‘வடிவது குறையும்’ என்று மாற்றலாமா என வாதம் எழுந்தது. அதிகாலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும், வெயில் ஏற ஏறக் குறையும் என்பது அறிவியல். ஆகவே ‘குறையும்’ என்பதே சரி என்றார் ஒருவர். பாட்டி ‘ஓடாது’ என்றுதானே சொன்னார் என்றார் இன்னொருவர். இறுதியில் துணைவரியில் பாட்டியின் சொல்லும் விளக்கவுரையில் அறிவியலும் இடம்பெற்றன. கட்டுரைப் பயிற்சியில் ஒரு சொல்லுக்காக இவர்கள் இப்படிச் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை.

எழுத்தில் பெயர்க்கும் வேலையைக் குறுக்குவழியில் முடிக்கவும் முயன்றார்கள். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017 முதல் தமிழ் உண்டு. பாட்டியின் பேச்சை அதற்குக் கேட்கக் கொடுத்தபோது ‘பெரட்டு’ என்பது ‘புரட்டு’ என்று வந்தது. வகுப்பே சிரித்தது. ஆனால் பெரட்டு என்றால் என்னவென்று சிரித்தவர்களுக்கும் தெரியவில்லை. மீண்டும் பாட்டியிடம் போய்க் கேட்டு வந்தார்கள். விடியுமுன் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடமும் நேரமும் அது. ஆங்கிலத்துப் ‘பெரேட்’ திரிந்து வந்த சொல். இலங்கை மலையகத்திலும் இச்சொல் பிரட்டு என வழங்குகிறது. இயந்திரம் தவறு செய்யட்டும், மாணவர் அதைத் திருத்தட்டும் என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு விளக்கவுரை எழுதி வந்த குழுவும் ஒன்று இருந்தது. பிழையே இல்லாத தமிழ். அதில் ஒரு தோட்டச் சொல்கூட இல்லை. ஆசிரியை அதனை வாசித்துக் காட்டிவிட்டு, “இதுல உங்க தாத்தா எங்கப்பா?” என்று மட்டும் கேட்டார்.

ஐந்து வாரத்தில் சேர்ந்த சொற்களை வெண்பலகையில் எழுதினோம்: மங்கு, உளி, ஒட்டுப்பால், காண்டா, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை. மங்கு என்பது மலாய்மொழியின் மங்கோக் போல ஒலிக்கிறதே, இது தமிழ்தானா என்று ஒரு மாணவி கேட்டாள். அக்கேள்விக்குரிய விடையைத் தேடும் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தோம். நம் பாடநூலில் இச்சொற்களைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆனால் அவற்றைப் பேசியவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் நம் பள்ளிகள் எழுந்தன. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்று நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில் இருப்பதற்கு இதுவே வேர்.

இது புதுமையான கருத்து அன்று. பிரான்சின் ஒரு சிற்றூரில் செலஸ்தேன் பிரெனே என்ற ஆசிரியர் 1924இல் ஒரு சிறிய அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் வெளியே சென்று கண்டதை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டு, வேறோர் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அன்று அச்சுப்பொறி, இன்று கைத்தொலைபேசி. சிங்கப்பூரிலும் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. நாமோ பேச்சுத்தமிழை வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்று நிமிடப் படத்துக்கு ஐந்து வாரம் என்றால் எந்த ஆசிரியரும் தயங்குவார். படத்தொகுப்புத் தெரிந்த ஒருவன் எல்லாவற்றையும் செய்ய, மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கும் நிலையும் ஒரு குழுவில் ஏற்பட்டது. இரண்டாம் வாரம் முதல் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும், பதிவில் கால் பங்கையாவது எழுத வேண்டும் என்று ஆசிரியை விதித்தார். புள்ளியிலும் பத்தில் ஏழு தாளுக்கு, மூன்று மட்டுமே படத்துக்கு. இது மிகச் சரியான பகிர்வு என்பேன். மூன்றாம் படிவத் தேர்வான பி.தி.3 2022இல் அகற்றப்பட்டுவிட்டதால், முதல் மூன்று படிவங்களில் வகுப்பறை சார்ந்த மதிப்பீட்டில் இத்தகைய பணிகளுக்கு இடம் இருக்கிறது. அதன் பிறகுதான் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழை எடுப்பதா விடுவதா என்று பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். எனவே செய்வதானால் இரண்டாம் படிவத்திலேயே செய்ய வேண்டும்.

இறுதியாக ஒரு சொல். நான்கு படங்களையும் டிக் டாக்கில் ஏற்றலாம் என்று மாணவர்கள் துடித்தார்கள். முதியவர்களிடம் கேட்டோம், இருவர் சரி என்றனர், இருவர் வேண்டாம் என்றனர். ஆகவே எதையும் ஏற்றவில்லை. படங்களும் எழுத்துப் படிகளும் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. நான்கு வீடுகளுக்கும் ஒவ்வொரு படி கொடுத்தாயிற்று. அடுத்த விடுமுறையில் ஈப்போ புந்தோங்கிலுள்ள கச்சான் பூத்தே கடைக்காரர்களைப் பதிவு செய்யலாம் என ஆசிரியை எண்ணியிருக்கிறார். தட்டச்சுக்கும் எழுத்துப் பெயர்ப்புக்கும் துணை நிற்கக்கூடிய கழக நண்பர்கள் இரண்டு மூன்று பேர் தேவைப்படுவார்கள். ஈப்போ வட்டாரத்தில் இருக்கும் முன்னாள் மாணவர்களும் முன்வரலாம்.