கடைக்கு டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் வணிக அன்பர்கள் விலையைக் கேட்குமுன், அது எங்கே இருக்கப் போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். கல்லாவை விட்டு நகராது என்றால் டெஸ்க்டாப்பே போதும் என்பது எங்கள் கருத்து. அதே பணத்துக்கு வேகம் கூடுதலாகக் கிடைக்கும். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் மளிகைக் கடையில் கீபோர்டு கெட்டால் சில நூறு ரூபாயில் வேறு மாட்டிவிடலாம். லேப்டாப்பில் அது பெரிய செலவு.

ஆனால் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சாதாரண யு.பி.எஸ். டெஸ்க்டாப்பைச் சில நிமிடங்கள்தான் தாங்கும். கணக்கைச் சேமித்து அணைக்கலாம், அவ்வளவே. லேப்டாப் சில மணி நேரம் ஓடும். கரண்ட் உள்ள ஊருக்குத் தூக்கிச் சென்று சார்ஜும் போடலாம். மாதாமாதம் ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்பவருக்கு 20-ஆம் தேதி கெடு. பெரும் புயல் என்றால் அரசு கெடுவை நீட்டிக்கலாம். நம் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்ததற்காக நீட்டிக்காது!

முதுநகரில் கிடங்கும் சிதம்பரத்தில் கடையுமாக அலையும் நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் லேப்டாப் வாங்கி, கடையில் தனிக் கீபோர்டு மாட்டிக்கொள்ளலாம். எந்நேரமும் சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரி விரைவில் தளர்ந்துவிடும். தூக்கிச் செல்வது நமக்கு எளிது என்றால் திருடனுக்கும் எளிது. ஆகவே தினமும் கடை சாத்துமுன் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றி, அதை வேட்டி மடிப்பிலாவது வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.